சுவரில் தளை தட்டும் இடம்

வகுப்பில் யாப்பு நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறு உறுப்பையும் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சு கழன்றுவிடும். அதே யாப்பைக் கோயில் சுவரில் வைத்துச் சொன்னால் ஒருவரும் நகர்வதில்லை. இதை நான் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கண்டுகொண்டேன்.

நாங்கள் ஒரு சிறு கூட்டம். விடுமுறை நாளில் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு பழைய கற்றளிகளை, அதாவது கல்லால் ஆன கோயில்களை, பார்க்கக் கிளம்பிவிடுவோம். வங்கி, மின்வாரியம், மருந்துக்கடை என்று ஆளுக்கொரு பிழைப்பு. நான் தமிழாசிரியன். கட்டடக்கலை படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆனாலும் இப்போது கருவறைமேல் எழும் ஒரு விமானத்தின் முன் நின்றால் எது பழையது, எது பின்னால் ஒட்டியது, எது நேற்று மாற்றியது என்று ஓரளவு சொல்லிவிடுகிறோம். அதற்குக் கை கொடுத்தது வரலாற்றுப் படிப்பைவிட இலக்கணப் படிப்புதான் என்பது என் கட்சி. எப்படி என்று சொல்கிறேன்.

புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார் கதையோடு வருவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். (விழுகிறது. போய்ப் பாருங்கள்.) இன்னொரு சாரார் பட்டியலோடு வருவார்கள். கோயில் அடிப்பகுதியின் உறுப்புகளை உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று கடகடவென ஒப்பிப்பார்கள். சுவருக்கு முன் நிறுத்தி "இதில் குமுதம் எது, காட்டுங்க" என்றால் விரல் தடுமாறும். அகராதியை மனப்பாடம் செய்தவர் ஊரில் இறங்கி வழி கேட்க முடியாமல் நிற்கிற கதைதான் அது.

கட்டடத்தையும் மொழியையும் ஒப்பிட்டுப் பேசுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடும். கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாள் திறந்துவைத்த வள்ளுவர் சிலை 133 அடி. குறளின் 133 அதிகாரத்துக்காக அந்த உயரம். பீடம் 38 அடி, அறத்துப்பாலுக்கு. சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து. கணபதி ஸ்தபதி அழகாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கை யாராவது சொல்லாவிட்டால் கல்லைப் பார்த்து நமக்குத் தெரியவராது. அதுபோலவே விமானத்துக்கும் தாங்குதளம், சுவர், கூரையுறுப்பு, கிரீவம், சிகரம், கலசம் என்று ஆறு அங்கம், செய்யுளுக்கும் ஆறு உறுப்பு என்று பூரித்துப் போகலாம். நானும் மேடையில் கைதட்டு வாங்க அதைச் சொல்வதுண்டு. சுவரைப் படிக்க அது உதவாது.

உதவுவது தளை, ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டும் விதி.

மா, விளம், காய் என்பவை சீர் வகை, நேர், நிரை என்பவை அசை வகை. வெண்பாவில் மா முன் நிரை வரும், விளம் முன் நேர் வரும், காய் முன் நேர் வரும். நின்ற சீரைப் பார்த்தால் வரும் சீரின் தலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். கற்றளியின் அடிப்பகுதியிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஜகதி என்ற நேர்ப்பட்டைக்கு மேலே, துருத்திய குமுதம். அந்தக் குமுதம் பட்டை பட்டையாகச் செதுக்கியிருந்தால் அதற்கு மேல் உள்ளடங்கிய கண்டம், கண்டத்துக்கு மேல் வெளியே நீட்டும் பட்டிகை. இதைப் பாதபந்தம் என்பார்கள். குமுதம் உருளையாக இருந்தால் மேலே பெரும்பாலும் யாளிகள் வரிசையாக வரும். இது பிரதிபந்தம். நின்றது வருவதைத் தீர்மானிக்கிறது. எங்கள் கூட்டத்தில் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறோம். ஒருவர் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்க, மற்றவர் கீழிருந்து ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிவந்து பாதியில் நிறுத்துவார். அடுத்து வருவதை முதுகு காட்டி நிற்பவர் ஊகிக்க வேண்டும். தோற்றவர் டீ வாங்கித் தருவார். இரண்டு மூன்று கோயில்களுக்குள் மருந்துக்கடைக்காரரிடம் யாரும் ஜெயிக்க முடியவில்லை.

பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள் என்று நான் சொல்ல இதுதான் காரணம். எந்த உறுப்புக்கு மேல் எந்த உறுப்பு வரும், எது வரவே வராது என்பதைப் பழகினால் பெயர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

தளையைக் கடந்தால் இடம். ஒரு தளத்தின் மேலே சுற்றி ஓடும் ஆரத்தைப் பாருங்கள். மூலைக்குச் சதுரமான கர்ணகூடம், நடுவில் நீளவாக்கில் சாலை, இடையில் இடமிருந்தால் குறுகலான பஞ்சரம். மூலையில் சாலை வராது. இந்தக் கூடமும் சாலையும் வெறும் அலங்காரமல்ல, ஒவ்வொன்றும் குட்டியாக ஒரு கோயில். கோயில்களை அடுக்கித்தான் கோயில் செய்திருக்கிறார்கள். இதைப் பழக மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப்போல் வேறோர் இடம் இல்லை. சுற்றுலா வழிகாட்டி காட்டும் வரிசையை விட்டுவிட்டு என் வரிசையில் போங்கள். முதலில் திரௌபதி ரதம். கூரை வேய்ந்த சதுரக் குடிசை, அவ்வளவுதான். அடுத்து பீம ரதம். வண்டிக்கூண்டு போட்ட நீள் சதுரம், பெரிய அளவில் ஒரு சாலை. பிறகு யானையின் பின்புறம்போல் வளைந்த நகுல சகாதேவ ரதம். இவை மூன்றும் கண்ணில் பதிந்த பிறகு தர்மராஜ ரதத்தின் முன் போய் நில்லுங்கள். சற்றுமுன் தனித்தனியாகப் பார்த்தவற்றில் சிலது சிறுத்து வரிசை கட்டி ஒவ்வொரு தளத்திலும் நிற்பது தெரியும். தனிச்சொல் கற்ற பிள்ளை முதன்முதலாக ஒரு முழு வாக்கியத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, மின்வாரிய நண்பர் முகத்தில் அதை அங்கே பார்த்தேன். அவர் சொன்னது: "சார், இது அதேதான், சின்னதா!"

சுவரில் சிலை நிற்கும் மாடங்களான கோட்டங்களுக்கும் இடக்கணக்கு உண்டு. கிழக்கு நோக்கிய சோழர் காலச் சிவன் கோயிலில் தெற்கே தென்முகக் கடவுள், வடக்கே நான்முகன். இந்த இரண்டும் அசையாது. மேற்கு மட்டும் ஆரம்பத்தில் நெகிழ்ந்திருந்தது. கும்பகோணம் நாகேசுவரன் கோயிலில் மேற்கே உமையொருபாகன் நிற்கிறார். அய்யம்பேட்டை அருகே புள்ளமங்கையில் அதே இடத்தில் இலிங்கோத்பவர். பிற்காலத்தில் இலிங்கோத்பவரே அங்கே நிலைத்துவிட்டார். தமிழில் எழுவாயையும் செயப்படுபொருளையும் முன்பின் மாற்றிப் போடலாம், வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் உட்காரும். எது நகரும், எது நகராது என்று தெரிந்துகொண்டால் பாதி இலக்கணம் வந்துவிட்டது. அசையாத இடங்களைவிட அசைகிற இடத்தைக் கவனியுங்கள், காலம் பற்றிய சேதி அங்கேதான் இருக்கும்.

காலம் என்றதும் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. 1914-இல் வெளிவந்த தம் ஆய்வில் அவர் செய்தது, மொழியியலார் ஒலிமாற்றத்தைத் தொடர்வது போன்ற வேலை. கோயில் முழுவதையும் ஒரேயடியாக வைத்து வாதாடாமல், தூணின் மேல் உட்காரும் போதிகை, கூரை விளிம்பான கபோதத்தில் வரும் குதிரைலாட வடிவக் கூடு என்று ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக்கொண்டு, காலந்தோறும் அது எப்படி உருமாறியது என்று வரிசைப்படுத்தினார். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் குடைவரைத் தூண்களில் சதுரம், எட்டுப்பட்டைக் கட்டு, மறுபடி சதுரம், மேலே எளிய போதிகை. அதற்கு மேல் பேச்சில்லை. பின்னால் பல்லவர் போதிகையில் அலை அலையாகத் தரங்கம் வரும். சோழர் காலத்தில் அது வெட்டுப் போதிகையாகிறது. அதன் பின் மொட்டுக் கட்டி, நாயக்கர் காலத்தில் வாழைப்பூவாகக் கவிழ்ந்து தொங்குகிறது. கூட்டின் உச்சியைப் பாருங்கள், பல்லவரிடம் மண்வெட்டி அலகுபோல் இருப்பது சோழரிடம் சிங்கமுகமாகிவிடும்.

ஒரு கோயிலின் எல்லா உறுப்பையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நாலு கோயிலுக்குப் போங்கள். நாங்கள் 'போதிகை நாள்' என்று ஒன்று வைத்தோம். சாமி கும்பிட்டுவிட்டு நேரே தூண் உச்சிக்குக் கண்ணைத் தூக்குவோம், வேறெதையும் பார்ப்பதில்லை என்று பேச்சு. (நாகேசுவரன் கோயிலில் அந்தப் பேச்சு காற்றில் போனது. அந்தச் சுவரின் ஆளுயரச் சிற்பங்களைப் பார்க்காமல் தூண் உச்சியைப் பார்ப்பவன் மனுசனே அல்ல.) ஆனால் போதிகையை மட்டும் சாட்சியாக நம்பிவிடவும் கூடாது. இன்றைக்கும் ஸ்தபதிகள் சோழர் பாணியில் போதிகை செதுக்குகிறார்கள், இன்றைக்கும் நான் வெண்பா எழுதுகிறேன். பழைய வடிவம் இருப்பதால் பழைய பொருள் ஆகிவிடாது. இரண்டு மூன்று உறுப்பாவது ஒரே காலத்தைச் சொன்னால்தான் வாய் திறக்க வேண்டும்.

சுவர் படிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, விதி முறிகிற இடம். மாணவன் எழுதிவந்த வெண்பாவை வாய்விட்டுப் படிக்கும்போது ஓரிடத்தில் நாக்கு இடறும். 'இங்கே தளை தட்டுதுடா' என்போம். கோயில் சுவரிலும் தளை தட்டும். விமானத்தின் குமுதத்தில் கையை வைத்து அப்படியே நடந்து முன்மண்டபம்வரை வாருங்கள். ஒரே காலத்தில் கட்டியதென்றால் கோடு தடங்கலின்றி ஓடும். மூலையில் திரும்பும், சுவரின் ஒரு பகுதி வெளியே துருத்துகிற இடத்தில் தானும் துருத்தும், ஆனால் மட்டம் மாறாது. பின்னால் சேர்த்த மண்டபமென்றால் மூட்டில் ஒரு சாண் ஏறியோ இறங்கியோ நிற்கும். அல்லது இந்தப் பக்கம் உருளையாக வந்த குமுதம் அந்தப் பக்கம் பட்டையாக இருக்கும். அரைத்தூண் ஒன்று பாதி உடம்பு புதைந்து நின்றால், அதை மறைத்திருக்கும் சுவர் பிந்தியது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

எழுத்து இருந்தால் இன்னும் சுலபம். தஞ்சையில் ராஜராஜன், தானும் தன் அக்கனும் பெண்டுகளும் மற்றவரும் கொடுத்தவற்றையெல்லாம் 'ஸ்ரீவிமானத்திற் கல்லிலே வெட்டுக' என்று ஆணையிட்டதாகவே கல்வெட்டு தொடங்குகிறது. இப்படித் தாங்குதளத்தைச் சுற்றி வரிவரியாக ஓடும் எழுத்து ஒட்டுச்சுவரில் மோதி நடுச்சொல்லில் நின்றுபோனால் முடிந்தது கதை, அந்தச் சுவர் எழுத்துக்குப் பிந்தியது. ஊர் பெயர் வேண்டாம், ஒரு கோயிலில் திருப்பணியின்போது கற்களைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கோத்திருக்கிறார்கள். நெல் அளவு பேசிக்கொண்டிருந்த வரியின் நடுவில் எழுத்துகள் தலைகீழாக நின்றன. எங்களில் எழுத்து படிக்கத் தெரியாதவர்தான் அதை முதலில் கண்டார். வாசிக்க முயன்றவர்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னோர் இடத்தில் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்து எழுத்தின் விளிம்பையெல்லாம் மழித்திருந்தார்கள். அங்கே படிக்க ஒன்றும் மிச்சமில்லை, திட்டுவதற்குத்தான் நிறைய இருந்தது.

அதனால்தான் புதியவர்களை நான் கோபுரத்திலிருந்து தொடங்க விடுவதில்லை. கோபுரம் பெரும்பாலும் பிந்தியது, அதிலுள்ள சுதையும் வண்ணமும் ஒவ்வொரு குடமுழுக்குக்கும் புதிதாகும். முன்பக்கம் மண்டபத்துக்குமேல் மண்டபமாக ஒட்டியிருக்கும். நேரே கருவறையின் பின்பக்கம் போய், தரையிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். திருத்தியவர் கை அதிகம் படாத பக்கம் அது. ஐப்பசி முதல் மாசி வரை காலை வெயில் தெற்குச் சுவரில் சாய்ந்து ஓடும், அந்த நேரம் உறுப்புகளின் விளிம்பு தெளிவாக எடுத்துக் காட்டும். இருட்டான இடத்தில் செல்போன் விளக்கை எழுத்துக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். போட்டோ எடுப்பதற்கு முன் நோட்டில் ஒரு கோடாவது வரைந்துகொள்ளுங்கள். குமுதத்தின் வளைவை ஒருமுறை கையால் வரைந்தவருக்கு அது மறக்காது. போட்டோ எடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பார், பார்க்க மாட்டார்.

நூலும் கையும் சேராவிட்டால் இந்த இலக்கணம் திறக்காது என்பதற்கு ராம் ராஸ் கதை ஒரு சாட்சி. தஞ்சையில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். வடமொழிச் சிற்ப நூல்களை வைத்துத் தென்னாட்டுக் கோயிற்கலையை விளக்கி ஆங்கிலத்தில் எழுதினார். அவர் இறந்த பிறகு 1834-இல் லண்டனில் அது அச்சானது. சிற்ப நூலின் சொற்கள் பண்டிதர்களுக்கு விளங்கவில்லை, ஏனென்றால் அவை பட்டறைச் சொற்கள். கடைசியில் தஞ்சைப் பக்கத்துக் கம்மாளர் ஒருவரின் துணையோடுதான் முடிச்சு அவிழ்ந்தது. எங்களுக்கும் அப்படித்தான். திருப்பணி நடந்துகொண்டிருந்த ஓர் ஊரில் வயதான ஸ்தபதி ஒருவர் கல்லில் காவியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தில் படித்த பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பத்மம்ங்கிறீங்க ஐயா, நாங்க இதழ்னு சொல்லுவோம். பேரு கெடக்கட்டும். இதழுக்கு மேல பலகை வரணும்ல, பலகை எவ்வளவு வெளிய வரும்னு சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை என்றதும் தூணின் கீழிருந்து கலசம், தாடி, கும்பம், இதழ், பலகை, வீரகண்டம், போதிகை என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்து, ஒன்றின் அகலத்திலிருந்து அடுத்ததன் அகலத்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். எழுதிக்கொள்ளவில்லையா என்று கேட்டதற்கு, 'பேசும்போது எழுதி வச்சுக்கிட்டா பேசுறீங்க?' என்றார். திருப்பணி நடக்கும் கோயிலைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். தேநீர் இடைவேளையில் போய் உட்காருங்கள். வேலை நேரத்தில் கேட்டால் எரிந்து விழுவார்கள், நியாயந்தான்.

பயனற்றதாகத் தோன்றும் உறுப்புகளையும் விட்டுவிடாதீர்கள். ஆவுடையார்கோயிலில் வளைந்து தாழும் கூரை விளிம்பான கொடுங்கையில் மரச்சட்டமும் அதை இறுக்கிய ஆணியும் கல்லிலேயே செதுக்கியிருக்கும். அந்த ஆணி எதையும் பிடித்து நிறுத்தவில்லை. கூரை மரமாக இருந்த காலத்து வேலை அதற்கு இப்போது இல்லை. ஆனால் எடுத்துவிட்டால் கொடுங்கை மொட்டையாகிவிடும். பழம்பாட்டில் 'அரோ', 'மாதோ' என்று வருமே, பொருளில்லாமல் ஓசையை நிறைத்துக்கொண்டு, இலக்கணத்தில் அசைநிலை என்போம். கல்லாணியும் அசைநிலைதான். தேர்வில் அசைநிலைக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது ஒரு பிள்ளை 'ஆவுடையார்கோயில் ஆணி' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். தலைமையாசிரியருக்கு விளக்க வேண்டியிருந்தது.

இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் செல்லாது. பாட்டைக் கவிஞன் வைத்த வரிசையில்தான் கேட்க வேண்டும், சுவரை எங்கிருந்தும் தொடங்கலாம். இன்னொரு வித்தியாசம் பெரியது. மொழியில் 'இல்லை' என்று சொல்லலாம். கல்லால் அதைச் சொல்ல முடியாது. மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதை ஆக்குவித்தேன் என்று பெருமைப்படுகிறான். குகை தன்பாட்டில் வெறுமே கல்லாக நிற்கிறது. எவையெல்லாம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வடமொழியில் ஒரு சுலோகம் தேவைப்பட்டது. கட்டடம் தானே எல்லாம் பேசும் என்று சொல்லும் நண்பர்களை அந்தக் கல்வெட்டின் முன் கொண்டுபோய் நிறுத்துவேன்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: தஞ்சைப் பெரிய கோயில் வேண்டாம். அது காவியம். குறள் அளவில் ஒன்றை எடுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டைக்கு அருகே பசுபதிகோயிலில் இறங்கினால் புள்ளமங்கை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கோயில், அரைத்தூண்களின் அடியில் சிறு சிறு கதைச் சிற்பங்கள், ஒரு முழுக் காலைப்பொழுதை அது விழுங்கிவிடும். மதியத்துக்கு மேல் திருவலஞ்சுழியின் கல் சாளரமான பலகணி, பிறகு தாராசுரம். மறுமுறை புதுக்கோட்டைப் பக்கம். நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரம், வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை, சுவரில் கோட்டமே கிடையாது. கோட்டம் இல்லாத சுவரில் கண் உறுப்புகளை மட்டும் படிக்கும், பயிற்சிக்கு அதைவிட நல்ல சுவர் எனக்குத் தெரியாது. பாறையில் ஏற வேண்டும், வெயிலுக்கு முன் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கொடும்பாளூர் மூவர் கோயிலை அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றில் இரண்டு விமானந்தான் நிற்கிறது, மூன்றாவதற்குத் தாங்குதளம் மட்டும். ஆவுடையார்கோயிலை அவசரமாகச் சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கழுத்துவலித் தைலமும்.